மைதானத்தில் தொடங்கும் பருவம்: கல்லூரி உதைபந்தாட்ட அணியோடு வேலை செய்வது

யாழ்ப்பாணத்தில் கல்லூரி அணியொன்றைப் பொறுப்பெடுத்தால் பருவத்தின் முதல் சாமான் மண்வெட்டிதான். மார்கழி மழை ஓய்ந்து தை பிறக்கையில் மைதானம் பச்சைப் பசேலென்று கிடக்கும். அந்தப் பச்சையில் பாதி நெருஞ்சி. மஞ்சள் பூ தெரியும் நாட்களிலேயே வேரோடு பிடுங்காவிட்டால், மாசியில் காய் முற்றி முள்ளாய் உதிரும். பிறகு பருவம் முழுக்கப் பந்துக்கு ஒட்டுப் போடுவதே வேலை. பிடுங்கியதை எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் குவிப்பதும் பிழை. உதிர்ந்த முள் சப்பாத்தின் அடியில் குத்திக்கொண்டு திரும்பவும் உள்ளே வரும். சாக்கில் கட்டி வெளியே கொண்டுபோக வேண்டும்.

அடுத்த தலையிடி கிரிக்கெட் விக்கெட். பல கல்லூரிகளுக்கு ஒரே மைதானம்தான். நடுவிலே சீமெந்துத் தளம். அதற்கு மேலே மண் பரப்பி ஆடலாம் என்று யாரும் சொன்னால் கேட்கக் கூடாது. இரண்டு நாளில் மண் விலகி விளிம்பு மேலே வந்துவிடும், கணுக்கால் பிரளும். இடம் இருந்தால் களத்தையே ஒரு பக்கம் தள்ளிப் போடுவது நல்லது. 90 மீற்றர் நீளமும் 45 மீற்றர் அகலமும் இருந்தாலே விதிக்குள் வந்துவிடும்.

கோடு போடுவதில் பெரிய பிழை நைலோன் கயிறு. அது இழுபடும். அளவு நாடாவும் முளைகளும் போதும். மூலையிலிருந்து கோல் கோட்டில் 3 மீற்றர், பக்கக் கோட்டில் 4 மீற்றர் அளந்து, இரண்டு புள்ளிகளுக்கும் இடையே சரியாக 5 மீற்றர் வந்தால் மூலை செங்கோணம். 100க்கு 64 களமென்றால் மூலைவிட்டம் இரண்டும் 118.73 மீற்றர் வர வேண்டும். தண்டப் பெட்டிக்கு (பெனால்டி பகுதிக்கு) கோல் கம்பங்களின் உட்பக்கத்திலிருந்து 16.5 மீற்றர், ஆக, பெட்டியின் அகலம் 40.32 மீற்றர். நீற்றின சுண்ணாம்பைத் தூவும் பழக்கம் இன்னும் போகவில்லை. வியர்வை பட்டால் தோலை அரிக்கும், கண்ணில் விழுந்தால் ஆபத்து. சோக்குத் தூள் கொஞ்சம் செலவுதான், ஆனால் அதுதான் சரி.

கோல் வாசலை யாரும் அளப்பதில்லை. காப்பாளர் நின்று நின்று அந்த இடம் குழிவிழும், 2.44 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டிய குறுக்குக் கம்பம் 2.50க்கும் போய்விடும். உயரம் குறைந்த பெடியன் காப்பாளராக நின்றால் அந்த ஆறு சென்ரிமீற்றரில்தான் கோல் விழும். செம்மண்ணை மெல்லிய படையாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, இடித்து, காயவிட்டு அடுத்த படை. ஒரேயடியாகக் கொட்டினால் முதல் பயிற்சியிலேயே கிளம்பிவிடும்.

பங்குனிக்குப் பிறகு வலிகாமத்துச் செம்மண் சீமெந்து மாதிரி இறுகும். பருவத்தின் உண்மையான சோதனை இதுதான். முன்னங்கால் எலும்பு நோவு, குதிக்கால் நோவு, முழங்கால் சிரட்டைக்குக் கீழே வீக்கம் எல்லாம் இந்த நேரத்தில்தான் வரும். கடைசியாய்ச் சொன்னது வேகமாய் வளரும் பதின்ம வயதில் வருவது. அதைப் பஞ்சியென்று திட்டி ஓடவிடுவது அநியாயம். அடியில் நீண்ட ஸ்டட் (குமிழ்) உள்ள சப்பாத்து இந்த நிலத்தில் இறங்காது, பாரம் முழுக்க நாலைந்து புள்ளியில் குத்தும். குட்டையான றப்பர் ஸ்டட் நிறைய உள்ளதையே வாங்கச் சொல்ல வேண்டும். காப்பாளர் பாய்ந்து விழும் பயிற்சியை நீளம் பாய்தல் மணற்குழியில் செய்தால் இடுப்பு தப்பும். முதலில் மணலைக் கிளறிக் கண்ணாடித் துண்டு பார்க்க வேண்டும்.

ரியூசனோடு சண்டை பிடித்து யாரும் வென்றதில்லை. உயர்தரப் பிள்ளை கிழமையில் மூன்று பின்னேரம் வந்தாலே பெரிய விசயம். நேரம் குறைவென்றால் எல்லோரும் முதலில் வெட்டுவது உடல் சூடேற்றலை. அங்கேதான் பிழைக்கிறது. ஃபிஃபாவின் 11+ என்ற பயிற்சித் தொகுப்பு 20 நிமிடம்தான்: 8 நிமிடம் ஓட்டம், 10 நிமிடம் வலுவும் சமநிலையும், கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம். கிழமைக்கு இரண்டு தடவையாவது செய்தால்தான் பலன். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியைப் போலப் பெண்கள் அணி உள்ள கல்லூரிகளுக்கு இது இன்னும் முக்கியம். முழங்காலின் உள்ளே உள்ள சிலுவைத் தசைநார் அறுவது பெண் பிள்ளைகளுக்குக் கூடுதலாக நடக்கும்.

பந்தின் காற்றழுத்தம் விதிப்படி 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ வரை. இறுகிய நிலத்தில் 9க்குக் கிட்ட வைத்தால் துள்ளல் அடங்கும். ஊசியை ஈரமாக்காமல் குத்தினால் வால்வு கிழியும். நல்ல பந்துகள் அரைவாசி போவது இப்படித்தான், நெருஞ்சியால்கூட அல்ல. 2016இல் இந்திய உதவியோடு புதுப்பித்த துரையப்பா விளையாட்டரங்கு போன்ற புல்தரைக்குப் போகும்போது கணக்கு மாறும். செம்மண்ணில் பழகிய கால் கொடுக்கும் பந்து அங்கே பாதி வழியில் நின்றுவிடும். தொடக்கப் பத்து நிமிடம் இடைவெளியைக் குறைத்து ஆடச் சொல்வது உதவும்.

ஆட்டத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னம் சோறோ பிட்டோ சாப்பிடலாம், தேங்காய்ப்பால் கறி கூடாமல். ஒரு மணித்தியாலத்துக்கு முன் ஓர் இதரை வாழைப்பழம். ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் தேசிப்புளி. உப்பைக் கையால் அள்ளிப் போட்டால் பெடியள் குடிக்க மாட்டாங்கள்.

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் நாணயச் சுழற்சி சும்மா சடங்கல்ல. 2019 விதிமாற்றத்துக்குப் பிறகு வென்றவர் பக்கத்தையோ தொடக்க உதையையோ கேட்கலாம். காற்று முதுகில் இருக்கும் பக்கத்தை முதல் பாதிக்கு எடுப்பதே என் தெரிவு. பின்னேரம் காற்று ஓய்ந்தால் எதிரணிக்கு அது கிடைக்காமல் போகும். காற்றுக்கு எதிரே காப்பாளர் உயர உதைத்தால் பந்து நடுக்களத்தையே தாண்டாது. பக்கத்துப் பின்கள வீரருக்கு உருட்டிவிடட்டும்.

நொக்கவுட் ஆட்டம் தண்ட உதைக்குப் போனால், உதைப்பவர்களின் வரிசையைக் களைத்த நேரத்தில் யோசிக்க முடியாது. முதல் நாளே எழுதி வைக்க வேண்டும். பயிற்சியில் 11 மீற்றரிலிருந்து சும்மா அடிப்பதால் பயனில்லை. ஓடிக் களைத்தபின், நடுவட்டத்திலிருந்து தனியே நடந்து வந்து ஒரேயொரு உதை. காப்பாளருக்கும் ஒன்று: உதைக்கும் கணத்தில் ஒரு பாதத்தின் பகுதியாவது கோட்டில், அதற்கு நேராக அல்லது அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். முந்திப் பாய்ந்து தடுத்தால் மத்தியஸ்தர் மறுபடி அடிக்கச் சொல்வார், இரண்டாவதைத் தடுப்பது அபூர்வம்.

ஐப்பசி மழைக்கு முன் வலையைக் கழற்றி, காயவைத்து, எலி எட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். கழற்றி வைக்கும் கோல் கம்பம் என்றால் சுவரோடு சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகள் தொங்கினால் கவிழும்.