மூட்டையின் அடியில் என்ன இருக்கிறது

குளிர் நாட்டில் வீடு தேடும்போது நம்மவர்கள் அறைகளை எண்ணுவார்கள், சமையலறையைப் பார்ப்பார்கள், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று விசாரிப்பார்கள். வீட்டை எது சூடாக்குகிறது என்று கேட்கத் தோன்றாது. வெயிலுக்கு ஒதுங்கியே வளர்ந்த எங்களுக்கும் தோன்றவில்லை. குடிவந்த வீட்டின் கூடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெல்லட் அடுப்பு இருந்தது. பெல்லட் என்றால் மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்ன எரிகுச்சிகள். மேலே உள்ள தொட்டியில் குச்சிகளைக் கொட்டிவிட்டு பட்டனை அழுத்தினால் போதும். திருகுத் தண்டு ஒன்று அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக எரிகிண்ணத்தில் தள்ளும். மின்சாரத்தில் தானே தீப்பற்றும். விசிறி காற்று கொடுக்கும். கரண்ட் போனால் எல்லாம் நின்றுவிடும் என்பது தனிக் கதை.

போனில் இதைக் கேட்டுவிட்டு அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: “அது சரிடா, விறகு தீர்ந்துபோச்சுன்னா என்ன பண்ணுவே?” விவரமான கேள்வி. இங்கே குளிர்காலம் முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

பெல்லட் பார்க்க மாட்டுத் தீவனக் குச்சி மாதிரியேதான் இருக்கும். மரத்தூளைக் காயவைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் சின்னத் துளைகள் வழியே பிதுக்கி எடுப்பது. மரத்திலேயே இருக்கும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் இளகி, ஆறியதும் இறுகித் தூளைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் பசை பெரிதாகத் தேவைப்படாது. மாவுச்சத்து போன்றவை சேர்த்தாலும் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியத் தர விதி.

எந்த பிராண்டு நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். நான் முதலில் பார்ப்பது மூட்டையின் அடிப்பகுதியை. பை பெரும்பாலும் கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக்தான். ஒரு மூலையை உயர்த்திப் பிடித்தால் அடியில் தூள் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கைப்பிடி அளவு என்றால் பரவாயில்லை. அடியே மாவாகக் கிடந்தால் வேண்டாம். இந்த அடுப்பில் வரும் பல தொல்லைகள் தூளால் வருபவைதான். தொட்டியின் அடியில் படிந்து திருகுத் தண்டை இறுக்கும், தீயை ஒரே சீராக எரியவிடாது, கண்ணாடியைக் கறுப்பாக்கும். நல்ல மூட்டையும் தூக்கி எறிந்து கையாளப்பட்டால் தூளாகிவிடும் என்பதால், ஒரே பிராண்டு ஒரு கடையில் நன்றாகவும் இன்னொரு கடையில் மட்டமாகவும் கிடைப்பது சாதாரணம்.

அடுத்ததாக முத்திரை. ஐரோப்பாவில் ‘இஎன்பிளஸ் ஏ1’ என்று பெல்லட்டுக்கான தரச் சான்று போட்டிருக்கும். அதன்படி சாம்பல் 0.7 சதவீதத்துக்குள், ஈரம் 10 சதவீதத்துக்குள், குச்சியின் நீளம் 40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வட அமெரிக்காவில் பெல்லட் எரிபொருள் அமைப்பு (பிஎஃப்ஐ) வகுத்த ‘பிஎஃப்ஐ பிரீமியம்’ என்ற தரம். அங்கே சாம்பல் 1 சதவீதம் வரை போகலாம். இஎன்பிளஸ் முத்திரையோடு நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்தும் மூன்று இலக்க எண்ணும் இருக்கும். அந்த எண்ணை அவர்களுடைய இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் யார் தயாரித்தது, யார் விற்பது என்று தெரியும். போலி முத்திரைகளும் உலவுவதால் இந்தச் சின்ன வேலையைச் செய்துவிடுவது நல்லது. குச்சியின் தடிமன் 6 மில்லிமீட்டரா 8 மில்லிமீட்டரா என்பதை அடுப்போடு வந்த கையேடு சொல்லும். வீட்டு அடுப்புகளுக்குப் பெரும்பாலும் 6தான்.

சாம்பல் கணக்கை லேசாக நினைக்க வேண்டாம். ஒரு டன் எரித்தால் 0.3 சதவீதத்துக்கு 3 கிலோ சாம்பல், 0.7 சதவீதத்துக்கு 7 கிலோ. அள்ளிக் கொட்டுவது பெரிய வேலையில்லை. ஆனால் மரப்பட்டையும் மண்ணும் கலந்த மட்டமான குச்சியில் சாம்பல் உருகி, எரிகிண்ணத்தில் கல் மாதிரி இறுகிக் காற்றுத் துளைகளை அடைத்துவிடும். அதைத் தினமும் சுரண்டுகிறவருக்குத்தான் மலிவு விலையின் உண்மை தெரியும்.

மென்மரமா கெட்டி மரமா என்று ஒரு விவாதம் எப்போதும் நடக்கும். விறகு எரித்துப் பழகியவர்கள் கெட்டி மரம்தான் நின்று எரியும் என்பார்கள். விறகுக்கு அது சரி. பெல்லட்டில் எல்லா மரத்தையும் ஏறக்குறைய ஒரே அடர்த்திக்கு அழுத்திவிடுவதால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. பைன் போன்ற ஊசியிலை மென்மரங்களில் பிசினும் லிக்னினும் கூடுதலாக இருப்பதால் கிலோவுக்குக் கிடைக்கும் சூடு கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். நிறத்தை வைத்தும் எதையும் முடிவு செய்ய முடியாது. வெளிறியிருந்தால் உசத்தி என்பது விற்கிறவர்கள் பேச்சு.

சந்தேகம் இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் நாலைந்து குச்சிகளைப் போடுங்கள். நன்றாக அழுத்தியது மூழ்கும்; மிதந்தால் அழுத்தம் போதவில்லை. மூழ்கிய குச்சியும் சிறிது நேரத்தில் ஊதி உதிர்ந்து மறுபடி மரத்தூளாகிவிடும். அதைப் பார்த்த பிறகு யாரும் மூட்டையை மழையில் விடமாட்டார்கள். குதிரை லாயத்தில் விரிக்கும் பெல்லட்டும், இறைச்சி வாட்டும் அடுப்புக்கான பெல்லட்டும் பார்வைக்கு இதே மாதிரிதான் இருக்கும். வீட்டு அடுப்புக்கு அவை வேண்டாம்.

எவ்வளவு வாங்குவது? ஏ1 தரக் குச்சி ஒரு கிலோவில் குறைந்தது 4.6 யூனிட் (கிலோவாட் மணி) சக்தி இருக்கிறது. அடுப்பில் வீணாவது போக 4 யூனிட் அளவுக்குச் சூடாகக் கிடைக்கும். இரண்டு கிலோ பெல்லட் வீட்டைச் சூடாக்க எரிக்கும் எண்ணெய் சுமார் ஒரு லிட்டருக்குச் சமம் என்பது இங்கே எல்லோரும் போடும் கணக்கு. முழு வீட்டுக்கும் இதுதான் சூடு என்றால், நடுத்தர வீட்டுக்கு ஒரு குளிர்காலத்தில் இரண்டு மூன்று டன் ஆகலாம். ஒரு டன்னுக்கு ஒன்றரை கன மீட்டர் இடம் வேண்டும், அடுக்குவதற்கான இடைவெளி தனி. கோடையிலேயே வாங்கிப் போட்டுவிடுவது உத்தமம். குளிர் பிடித்த பிறகு போனால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டிவரும். புது பிராண்டு என்றால் முதலில் சில மூட்டை எரித்துப் பார்த்துவிட்டு டன் கணக்கில் சொல்லுங்கள்.

வைக்கிற இடம்தான் மீதிக் கதை. பையில் காற்று வெளியேறக் குட்டித் துளைகள் இருக்கும். அதனால் அது தண்ணீர் புகாத பை என்று நம்பிவிடக் கூடாது. சிமெண்டுத் தரை ஈரத்தை இழுக்கும். நேராகத் தரையில் அடுக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். வெளியே தார்ப்பாய் போட்டு மூடினாலும் வெயில் பட்ட பிளாஸ்டிக் நாளடைவில் நொறுங்கும். உயரமாக அடுக்கினால் அடி மூட்டை நசுங்கித் தூளாகும். அடுப்பை ஒட்டி அடுக்குவது வசதிதான், ஆனால் ஆபத்து. கையேட்டில் சொன்ன இடைவெளி விட்டே அடுக்க வேண்டும்.

பலர் கேள்விப்படாத ஒன்று உண்டு. பெல்லட் எரியாமல் சும்மா கிடக்கும்போதும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை விடும். மரத்தில் உள்ள கொழுப்பு அமிலங்கள் காற்றோடு வினைபுரிவதுதான் காரணம். புதிதாகச் செய்த குச்சியிலும் வெதுவெதுப்பான இடத்திலும் இது அதிகம். மூட்டையாகக் கொஞ்சம் வைத்திருப்பவர்களுக்குக் காற்றோட்டமான இடம் போதும். டன் கணக்கில் கொட்டி வைக்கும் மூடிய அறைகளில் இறங்கி ஐரோப்பாவில் உயிர்கள் போயிருக்கின்றன. அப்படிப்பட்ட அறை இருந்தால் கதவைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்டபிறகே உள்ளே போக வேண்டும், பிள்ளைகளை அண்டவே விடக்கூடாது. அடுப்பு இருக்கும் வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும். அதில் பேச்சே இல்லை.

குளிர் முடிந்ததும் தொட்டியில் மிச்சம் கிடப்பதை அப்படியே விட்டால், கோடை ஈரத்தை உறிஞ்சி ஊதித் திருகுத் தண்டுக்குள் இறுகிப்போகும். அதனால் கடைசி மூட்டையைத் தொட்டி காலியாகும்வரை எரித்துத் தீர்த்துவிட்டு, அடியில் தங்கிய தூளை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அதற்கும் முன்னால் அடுப்பு முழுவதும் ஆறியிருக்க வேண்டும், ஏனென்றால் சாம்பலுக்குள் கங்கு நெடுநேரம் உயிரோடிருக்கும். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வைப்பதும் அதனால்தான். பிரிக்காத பழைய மூட்டைகளை முன்னால் இழுத்து வைத்துவிட்டால், கோடையில் வரும் புதியவை பின்னால் போய்விடும்.