அமெரிக்க இலக்கிய வரலாறு: ஒரு நூலுக்கு இரண்டு ஆண்டுகள்

எம்.ஏ. ஆங்கிலத்தில் அமெரிக்க இலக்கியம் லேசான தாள் என்று சீனியர்கள் சொல்வார்கள். ஆங்கிலக் கவிதையின் தொடக்கக்காலக் கவிஞர் சாஸரிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, மொத்தமே நானூறு ஆண்டுதானே! கைடுகளும் பியூரிட்டன் (கண்டிப்பான கிறித்தவச் சமயப் பிரிவினர்) காலம், டிரான்சென்டென்டலிசம் (இயற்கையையும் உள்ளுணர்வையும் போற்றிய இயக்கம்), ரியலிசம், மாடர்னிசம் என்று கட்டம் போட்டுக் கொடுத்துவிடும். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வின் கால வரிசைக் கேள்விகளுக்கு அந்தக் கட்டம் போதும். விரிவான விடைக்குப் போதாது.

நான் ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு காலங்களைக் குறித்துக்கொண்டு படித்தேன். ஒன்று அது வெளியான ஆண்டு. மற்றொன்று, அது முக்கியமான நூல் என்று ஏற்கப்பட்ட காலம். இரண்டும் பல நேரங்களில் ஒத்துப்போகாது, பாடத்தின் சுவையே அங்கேதான் இருக்கிறது.

மெல்வில்லின் திமிங்கில நாவலான 'மோபி டிக்' 1851இல் வந்தது. பிற்காலத்தில் நியூயார்க் சுங்கத்துறையில் வேலை பார்த்த அவர் 1891இல் இறந்தபோது அவரைப் படித்தவர்கள் வெகு சிலரே. 1920களில்தான் அவரைத் தேடிப் படிக்கத் தொடங்கினார்கள். அவருடைய 'பில்லி பட்' கதை அச்சேறியதே 1924இல்தான். எமிலி டிக்கின்சன் ஏறக்குறைய 1,800 கவிதைகள் எழுதியவர். உயிரோடு இருந்தபோது அச்சானவை மிகச் சில. 1890இல் வந்த முதல் தொகுப்பிலும் நிறுத்தற்குறிகளையும் சில சொற்களையும் திருத்திவிட்டார்கள். அவர் எழுதியபடியே படிக்க 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேட் சோபினின் நாவல் 'தி அவேக்கனிங்' 1899. பரவலாகப் பேசப்பட்டது 1960களின் முடிவுக்குப் பிறகு.

இப்படிக் குறித்து வைத்தால் 'அமெரிக்க மறுமலர்ச்சி' என்ற கேள்வியை வேறு கோணத்தில் எழுதலாம். 1850 முதல் 1855க்குள் 'தி ஸ்கார்லெட் லெட்டர்', 'மோபி டிக்', 'வால்டன்', 'லீவ்ஸ் ஆஃப் கிராஸ்' எல்லாம் வந்துவிட்டன. ஆனால் அந்தக் காலத்துக்கு இந்தப் பெயரை நிலைக்க வைத்தது விமர்சகர் மாத்தீசனின் 1941ஆம் ஆண்டு நூல். எமர்சன், தோரோ, ஹாதார்ன், மெல்வில், விட்மன் என்று ஐந்து பேரை மையத்தில் வைத்தார். ஐவரும் வெள்ளை ஆண்கள். அடிமையாக இருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸின் தன்வரலாறு 1845இல் வந்தது, ஸ்டோ என்ற பெண் எழுத்தாளரின் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' 1852இல் வந்து பெரிய அளவில் விற்றது. இவர்கள் ஏன் மையத்துக்கு வரவில்லை என்று கேட்டு எழுதினால் பாதி விடை அதிலேயே வந்துவிடும். மனப்பாட விடைகளையே திருத்திச் சலித்தவருக்கும் அது பிடிக்கும் என்பது என் எண்ணம்.

கைடுகள் அதிகம் பேசாத இன்னொன்று, காப்புரிமைச் சட்டம். 1891 வரை பிரிட்டிஷ் நூல்களுக்கு அமெரிக்காவில் பாதுகாப்பு இல்லை. டிக்கன்ஸை உரிமத்தொகை கட்டாமலே அச்சடிக்கலாம். அப்புறம் உள்ளூர் எழுத்தாளருக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

மூல நூல்களில், பியூரிட்டன் உரைகளுக்கு ஜோனதன் எட்வர்ட்ஸின் 1741 பிரசங்கம் ஒன்று போதும். மெல்வில்லுக்கு முதலில் 'பார்ட்டில்பி' என்ற சிறுகதை, பிறகு 'மோபி டிக்'. நாடகத்துக்கு என் முறை அவ்வளவாக உதவாது. ஓ'நீல், வில்லியம்ஸ், மில்லர் மூவருமே வாழும்போதே கொண்டாடப்பட்டவர்கள், நேராகப் பிரதிகளைப் படித்துவிடுங்கள்.

நெட் எழுதுபவர்கள் கடைசி வாரத்தில் வெளியான ஆண்டுகளை மட்டும் புரட்டினால் போதும். மார்க் ட்வெய்னின் 'ஹக்கிள்பெரி ஃபின்' இங்கிலாந்தில் 1884, அமெரிக்காவில் 1885. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.