மனநல மருத்துவ ரொட்டேஷனில் கிரேடு எப்படித் தீர்மானிக்கப்படுகிறது

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில் தொடங்கும், மருத்துவமனையின் துறைகளில் மாறி மாறிப் பயிற்சி பெறும் கிளார்க்ஷிப் காலத்தில், மனநல மருத்துவத்துக்கு வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஒதுக்கப்படுகின்றன. ரொட்டேஷன் எனப்படும் அந்தச் சுற்றை நான் முடித்தபோது, ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "நூத்துக்கு எவ்வளவு?" என்பதுதான். அப்படி ஓர் எண் இல்லை என்பதை அவருக்கு விளங்கவைக்க முடியவில்லை. ஆனர்ஸ், ஹை பாஸ், பாஸ், ஃபெயில் என்ற நான்கில் ஒன்றே கிடைக்கும். சில கல்லூரிகளில் பாஸ், ஃபெயில் இரண்டு மட்டுமே உண்டு.

எங்கள் கல்லூரியில் கிரேடின் பெரும்பகுதி, வார்டில் உடன் பணியாற்றிய மருத்துவர்கள் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவங்களிலிருந்து வந்தது. அடுத்த இடம், தேசிய மருத்துவத் தேர்வு வாரியமான என்பிஎம்இ தயாரிக்கும் ஷெல்ஃப் என்ற எழுத்துத் தேர்வுக்கு. நடிகர்களை நோயாளிகளாக அமர்த்தி நடத்தும் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வும், எழுதிக் கொடுத்த நோயாளிக் குறிப்புகளும் மீதியை நிரப்பின. 2022 ஜனவரி இறுதியிலிருந்து மருத்துவர் உரிமத்துக்கான யுஎஸ்எம்எல்இ தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1-க்கு மதிப்பெண் வழங்குவதை நிறுத்தி, தேர்ச்சி உண்டா இல்லையா என்று மட்டும் அறிவிக்கத் தொடங்கிய பிறகு, பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சியான ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் இந்தக் கிளார்க்ஷிப் கிரேடுகளை முன்பைவிடப் பதற்றத்துடனேயே பார்க்கிறார்கள்.

படிவத்தின் கேள்விகள் பல கல்லூரிகளில் ஏறத்தாழ ஒரே சாயலில் இருக்கும். லூயிஸ் பங்காரோ என்ற மருத்துவர் 1999-இல் முன்வைத்த 'ரைம்' என்ற படிநிலை அவற்றுக்கு அடியில் இருப்பதைப் பல இடங்களில் காணலாம்: மாணவர் தகவலைச் சரியாகத் திரட்டிச் சொல்கிறாரா, அதற்குப் பொருள் காண்கிறாரா, சிகிச்சைத் திட்டத்தை முன்வைக்கிறாரா, பிறருக்குக் கற்பிக்கிறாரா என்பதே அதன் வரிசை. மனநல வார்டில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அறுவை சிகிச்சைப் பிரிவில் மாணவர் தையல் போடுவதை எல்லோரும் பார்க்கிறார்கள். இங்கே அவர் செய்யும் முதன்மையான வேலை நோயாளியுடன் தனியாக அமர்ந்து பேசுவது. அதை அட்டெண்டிங் எனப்படும் பொறுப்பு மருத்துவர் நேரில் பார்ப்பது அரிது என்பதால், காலை ரவுண்ட்ஸில் மாணவர் சில நிமிடங்களில் சொல்லும் சுருக்கத்தையும் அவர் எழுதிய குறிப்பையும் வைத்தே படிவம் நிரம்பிவிடுகிறது.

மாணவரின் அடிப்படைத் திறன்களை ஆசிரியர் நேரில் கவனிக்க வேண்டும், ரொட்டேஷனின் நடுவிலேயே ஒருமுறை கருத்துச் சொல்ல வேண்டும் என்பவை கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் எல்சிஎம்இ அமைப்பின் விதிகள். நான் முதல் வாரத்திலேயே அட்டெண்டிங்கிடம், புதிதாக அனுமதிக்கப்படும் நோயாளி ஒருவரை நான் விசாரிக்கும்போது முழுவதும் உடனிருக்க முடியுமா என்று கேட்டேன். அவர் தயங்காமல் ஒப்புக்கொண்டார். அந்த ஒரு நேர்காணலைப் பற்றி அவர் எழுதியவைதான் பின்னர் என் மதிப்பீட்டில் பொருளுள்ள வரிகளாக இருந்தன. வேறொரு இடத்தில் என்னை மதிப்பிட்டவர் எழுதியது, "பழகுவதற்கு இனியவர், இன்னும் வாசிக்க வேண்டும்" என்பது மட்டுமே. எந்த மாணவரைப் பற்றியும் எழுதக்கூடிய அந்த வரியும் கிரேடில் சேர்ந்தது என்பதில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை.

குறிப்பு எழுதுவதில் அவர்கள் உன்னிப்பாகப் பார்ப்பது மனநிலைப் பரிசோதனைப் பகுதியை. தோற்றம், நடத்தை, பேச்சு, நோயாளி தம் வாயால் சொல்லும் மனநிலை, நாம் காணும் உணர்ச்சி வெளிப்பாடு, எண்ண ஓட்டம், எண்ணங்களின் உள்ளடக்கம், புலனுணர்வு, அறிவாற்றல், தம் நோயைப் பற்றிய புரிதல், தீர்மானிக்கும் திறன் என்று அது நீளும். "சந்தேக மனப்பான்மை உடையவர்" என்று எழுதினால் அது நம் முடிவு மட்டுமே. "பக்கத்து அறைக்காரர் என் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்" என்று அவர் சொன்னதை அப்படியே எழுதினால்தான் படிப்பவருக்கு அது சான்றாகும். தற்கொலை எண்ணத்தைச் சுற்றிவளைக்காமல் நேரடியாகக் கேட்பதும், எண்ணம் உண்டென்றால் திட்டம், கைக்கெட்டும் வழிகள், முந்தைய முயற்சிகள் ஆகியவற்றைத் தொடர்ந்து கேட்பதும் அவர்கள் அதே உன்னிப்புடன் பார்ப்பவை. ஆஸ்கி தேர்வில் இதை விட்டவர் மற்றவற்றை எவ்வளவு நயமாகச் செய்திருந்தாலும் பெரிய இழப்பைச் சந்திக்க நேரிடும். நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் புதியவர்கள் பலருக்கு இருக்கிறது, அதற்கு ஆதாரமில்லை.

ஷெல்ஃப் தேர்வில் 110 கேள்விகள், 165 நிமிடங்கள். எங்கள் கல்லூரியில் ஆனர்ஸ் பெற அதில் ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டியாக வேண்டும்; வார்டில் எவ்வளவு பாராட்டுப் பெற்றாலும் இந்தக் கதவு தனியானது. கேள்விகளில் காலக்கெடு விடையை மாற்றிவிடும்: ஒரே மாதிரியான அறிகுறிகள் ஆறு மாதம் நீடித்தால் ஸ்கிசோஃப்ரினியா, ஒரு மாதத்துக்கு மேல் ஆறு மாதத்துக்குள் என்றால் ஸ்கிசோஃப்ரெனிஃபார்ம். காய்ச்சலும் குழப்பமுமாக வருபவருக்கு உடல் ஈயக்குழாய்போல் விறைத்திருக்கிறதா, அல்லது அனிச்சைச் செயல்கள் மிகுந்து கணுக்கால் துடிக்கிறதா என்பதை வைத்து, ஆன்டிசைக்காட்டிக் மருந்தின் விளைவையும் செரோடோனின் மிகுதியையும் பிரித்தறிய வேண்டும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் மருந்து எடுப்பவர் மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வார்டு வேலை முடிந்து களைத்திருந்தாலும் நாள்தோறும் சில பயிற்சிக் கேள்விகளைப் போட்டுவந்ததே எனக்கு உதவியது. கடைசி வாரத்துக்கென்று ஒதுக்கியவர்கள் திணறினார்கள்.

இந்தத் துறைக்கு மிகவும் வேண்டிய ஒரு விதியைப் பலர் அறிந்திருப்பதில்லை. ஒரு மாணவருக்கு மனநல ஆலோசனையோ வேறு சிகிச்சையோ அளித்த மருத்துவர், அந்த மாணவரை மதிப்பிடுவதிலோ அவருடைய கிரேடைத் தீர்மானிப்பதிலோ பங்கேற்கக் கூடாது என்பதும் எல்சிஎம்இ விதிதான். உங்களுக்குச் சிகிச்சை அளிப்பவர் நீங்கள் அனுப்பப்படும் பிரிவிலேயே பணியாற்றினால், காரணத்தை விவரிக்காமலே இடமாற்றம் கேட்க முடியுமா என்பதை ஒருங்கிணைப்பாளரிடம் ரொட்டேஷன் தொடங்குவதற்கு முன்பே கேட்டறிவது நல்லது.

ரொட்டேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் கிரேடு வந்துவிட வேண்டும். எனக்கு ஹை பாஸ் வந்தது. கிரேடு வந்த அன்றே கருத்துரைகளையும் முழுமையாகப் படித்தேன், ஏனெனில் அவற்றின் வரிகள் பலவும் செப்டம்பர் இறுதியில் ரெசிடென்சித் திட்டங்களுக்கு வெளியிடப்படும் எம்எஸ்பிஇ என்ற டீனின் கடிதத்தில் இடம்பெறுகின்றன. என்னுடையவற்றில் ஒரு வரி, நான் சந்தித்திராத நோயாளி ஒருவரை நான் கவனித்ததாகக் கூறியது. மேல்முறையீட்டுக்கென்று குறிக்கப்பட்ட கெடுவுக்குள், தேதிகளோடு கிளார்க்ஷிப் இயக்குநருக்கு எழுதினேன். கிரேடு மாறவில்லை, அந்த வரி நீக்கப்பட்டது.