9.9 குதிரைவலு எஞ்சினை 15 ஆக்கிய அனுபவம்

கொழும்பு மட்டக்குளியில் எங்கள் குடும்பத்துக்கு 14 அடி நீளமான பைபர் படகு ஒன்று இருக்கிறது. என் மைத்துனரும் அவருடைய மகனும் களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்திலும், ஒக்டோபர் கழிந்து கடல் அடங்கும் மாதங்களில் காக்கைதீவுக்கு வெளியேயும் தூண்டில் போட அதைக் கொண்டுபோவார்கள். அதில் பூட்டியிருந்தது பழையதாக வாங்கிய யமஹா 9.9 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் எஞ்சின். இருவரும் ஐஸ் பெட்டியோடு ஏறிவிட்டால், படகு முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீரைத் தள்ளியபடி போகுமே தவிர, நீரின் மேல் எழும்பி வழுக்கி ஓடாது. ஆற்று வாயில் மணல்திட்டின் மேல் அலை உடையும் இடத்தைக் கடக்க வேண்டியவர்களுக்கு இது வெறும் வேகக் குறைவு அல்ல. பின்னால் வரும் அலையைவிட மெதுவாகப் போகும் சிறிய படகைப் பக்கவாட்டில் திருப்பிக் கவிழ்க்க அந்த அலை ஒன்றே போதும். புதிய எஞ்சின் வாங்க வசதி இல்லாததால், இருக்கும் எஞ்சினின் வலுவைக் கூட்டும் வேலையில் இறங்கினேன்.

இந்த வேலையைத் தொடங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எஞ்சின் அதன் மேல்மூடியில் எழுதியிருக்கும் வலுவையாவது தருகிறதா என்பதுதான். தீப்பொறி தரும் பிளக்கின் வயரில் சுற்றி வைக்கும் சிறிய சுழற்சி மீற்றர் ஒன்றை வாங்கி, வழக்கமான சுமையோடு முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தபோது நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,200 சுற்றுகளே வந்தன. யமஹா இந்த எஞ்சினுக்குச் சொல்லும் முழு வேக எல்லை 4,500 முதல் 5,500 வரை. இத்தகைய மீற்றரில் ஒரு சுற்றுக்கு எத்தனை தீப்பொறி என்பதைச் சரியாக அமைக்காவிட்டால் அது இரட்டிப்பாகவோ பாதியாகவோ காட்டும் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். படகின் வேகத்தைக் கைப்பேசியின் ஜி.பி.எஸ். மூலம் அளந்தோம், ஆற்றின் ஓட்டம் கணக்கைக் கெடுக்காதிருக்க, ஒவ்வொரு முறையும் மேல்நோக்கி ஒன்று, கீழ்நோக்கி ஒன்று என ஓடி இரண்டின் சராசரியை எடுத்தோம்.

பிறகு பழுது பார்க்கும் வேலை. இரண்டு பிளக்குகளையும் கழற்றி, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் சி.டி.ஐ. பெட்டி கெடாமல் இருக்க அவற்றின் வயர்களை எஞ்சின் உடலோடு தொடுக்கவிட்டு, துரொட்டலை முழுவதும் திறந்து வைத்துக் கயிற்றை இழுத்து இரு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் அளந்தோம். இரண்டுக்குமிடையே 10 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்திருந்தால் வலுவைக் கூட்டும் எண்ணத்தையே கைவிட்டிருப்பேன். தேய்ந்த சிலிண்டருக்கு மேலும் எரிபொருளைக் கொடுப்பது அதன் முடிவை முன்கூட்டியே வரவழைப்பதாகும். நல்லவேளையாக இரண்டும் நெருக்கமாகவே இருந்தன. பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டருக்குள் பழைய பெற்றோல் காய்ந்து ஒயில் பசையாகப் படிந்திருந்தது. அதைவிட முக்கியமாக, கைப்பிடியை முழுவதும் திருப்பினாலும் காபரேட்டரின் தட்டு முழுமையாகத் திறக்கவில்லை; கேபிள் தளர்ந்திருந்தது. பல படகுகளில் வலு தொலைவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன், ஏனெனில் மேல்மூடியைக் கழற்றிக்கொண்டு ஒருவர் கைப்பிடியைத் திருப்ப, மற்றவர் தட்டைப் பார்த்தால் மட்டுமே அது கண்ணில் படும். காபரேட்டரைக் கழுவி, கேபிளை இழுத்துக் கட்டி, சிலிண்டர் தலையில் படிந்த கரியைச் சுரண்டி, தண்ணீர்ப் பம்பின் ரப்பர் விசிறியையும் மாற்றினோம். ஆற்று மணலும் பொலித்தீனும் நிறைந்த எங்கள் பக்கத்தில் அந்த ரப்பர் விசிறி நெடுங்காலம் உழைப்பதில்லை.

இவ்வளவுக்குப் பின் அதே சுமையோடு சுழற்சி 4,600 ஆனது. புரொப்பெல்லர் உறிஞ்சும் வலு, சுழற்சி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். 4,200ஐ 4,600ஆல் வகுத்து, வரும் விடையை மும்மடியாக்கினால் 0.76 வருகிறது. அதாவது, முன்பு எஞ்சினின் வலுவில் கால்பங்கை நாங்கள் பராமரிப்பின்மையால் இழந்துகொண்டிருந்தோம். படகு அப்போதும் எழும்பவில்லை என்றாலும், எங்கே நிற்கிறோம் என்று தெளிவாகத் தெரிந்தது.

இனி 9.9 எப்படி 15 ஆகிறது என்பதைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பல ஏரிகளில் 10 குதிரைவலுவுக்கு மேற்பட்ட எஞ்சின்களுக்குத் தடை இருப்பதால், அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே 9.9 என்ற அளவில் எஞ்சின் செய்வதை உற்பத்தியாளர்கள் வழக்கமாக்கிக்கொண்டார்கள். அதற்கென்று தனி எஞ்சினை வார்ப்பதைவிட, பெரிய எஞ்சினின் மூச்சைச் சுருக்கி விற்பது அவர்களுக்கு இலகுவாக இருந்தது. யமஹாவின் இரட்டைச் சிலிண்டர் 9.9, 15 ஆகிய இரண்டும் 56 மில்லிமீற்றர் சிலிண்டர் விட்டமும் 50 மில்லிமீற்றர் வீச்சும் கொண்ட அதே 246 சீ.சீ. எஞ்சின்கள். ஆகவே அந்த வலு உள்ளே ஏற்கனவே இருக்கிறது. அதைத் திறந்துவிடுவதுதான் வேலை, உலோகத்தை வெட்டுவது அல்ல.

ஆனால் எந்தெந்தப் பாகங்கள் வேறுபடுகின்றன என்பது உற்பத்தியாளரையும் ஆண்டையும் பொறுத்தது. சிலவற்றில் காபரேட்டர் மட்டும் வேறுபடும். சிலவற்றில் கலவை எஞ்சினுக்குள் நுழையும் வழியிலுள்ள ரீட் வால்வின் தடுப்புத் தகடு, புகைக் குழாய், தீப்பொறி விழும் நேரத்தின் முன்நகர்வு ஆகியவையும் மாறும். ஆகையால் வாய்வார்த்தையை நம்பாமல், இரண்டு மாதிரிகளின் உதிரிப்பாகப் பட்டியல்களையும் அருகருகே வைத்து வரிவரியாக ஒப்பிட்டேன். யமஹாவின் பாக எண்ணில் முதல் மூன்று எழுத்துகள் எந்த மாதிரிக்காக அந்தப் பாகம் முதலில் செய்யப்பட்டது என்பதையும், நடுவில் உள்ள ஐந்து இலக்கங்கள் அது என்ன பாகம் என்பதையும் காட்டும். 14301 என்றால் காபரேட்டர். நடு இலக்கங்கள் ஒன்றாக இருந்து முன்னாலோ பின்னாலோ எழுத்து மாறினால் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிஸ்டன், சிலிண்டர், பற்சக்கரங்கள் எல்லாம் ஒன்றே என்று உறுதியான பிறகுதான் பணத்தைக் கையில் எடுத்தேன். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் இந்த முழு முயற்சியிலும் மிகப் பயன்பட்டது இதுவே.

பாகங்களைத் தேடி, கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனபோது, பட்டறை வைத்திருந்த ஒரு பாஸ் வேறு வழி சொன்னார். “தம்பி, இவ்வளவு செலவு எதற்கு? ஹெட்டைக் கொஞ்சம் கடைந்து இறக்கி, போர்ட்டைப் பெரிதாக்கினால் இழுவை தானாக வரும்” என்றார். மோட்டார் சைக்கிள்களில் அவர் கைதேர்ந்தவர், அவர் சொன்னதில் உண்மையும் உண்டு. எனினும் மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்கு இறக்கத்திலும் சந்தியிலும் ஓய்வு கிடைக்கிறது. படகு எஞ்சின் முழுத் துரொட்டலில் முழுச் சுமையோடு மணிக்கணக்கில் உழைக்கிறது. ஹெட்டை, அதாவது சிலிண்டர் தலையைக் கடைந்தால் அமுக்கம் கூடி, 92 ஒக்டேன் பெற்றோலில் எரிபொருள் நேரம் தப்பி வெடித்துப் பிஸ்டனின் முகத்தை அரிக்கும். புகை வெளியேறும் போர்ட்டை உயர்த்தினால் வலு மேலான சுழற்சிக்கு நகரும், ஆனால் புரொப்பெல்லர் அந்தச் சுழற்சிக்குப் போகவே விடாது. ஆகவே நன்றி சொல்லிவிட்டு, 15க்கு உரிய காபரேட்டரையும் பட்டியலில் மாறியிருந்த ஏனைய சிறு பாகங்களையும் மட்டும் தேடினேன். மலிவான நகல் காபரேட்டர்களும் கிடைத்தன. பெற்றோலை அளந்து விடும் ஜெட்டின் துளை அளவை நம்ப முடியாத ஒன்றை இந்த இடத்தில் பூட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. கழற்றிய அசல் ஒன்றையே வாங்கினேன்.

பூட்டும் வேலை ஒரு முற்பகலில் முடியக்கூடியது. புதிய கேஸ்கெட் போட வேண்டும், ரீட் தகடுகளின் ஓரத்தில் உடைவோ இடைவெளியோ உள்ளதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். துரொட்டலும் தீப்பொறியின் நேரமும் ஓர் இணைப்பால் சேர்ந்தே நகர்வதால், இரண்டும் ஒன்றாக முழு எல்லையைத் தொடுகின்றனவா என்பதையும் சரிபார்த்தோம்.

கவனம் முழுவதும் தேவைப்படுவது இதற்குப் பிறகுதான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெற்றோலே ஒயிலைச் சுமந்து செல்கிறது, உள்ளே குளிர்ச்சியையும் தருகிறது. ஜெட் சிறிதாகிக் கலவையில் பெற்றோல் குறைந்தால் வெப்பம் கூடும்போதே ஒயிலும் குறைந்து பிஸ்டன் இறுகிவிடும். ஆகவே முதல் ஓட்டங்களை அரைத் துரொட்டலில் வைத்து, பின் முழு வேகத்தில் சற்று ஓட்டி, அதே வேகத்திலேயே எஞ்சினை நிறுத்திப் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தோம். பீங்கான் வெளிறிப்போயிருந்தால் உடனே நிறுத்த வேண்டும். இளம் பழுப்பு நிறம் வந்தால் கலவை சரி. ஒயில் 50க்கு 1, அதாவது 20 லீற்றர் பெற்றோலுக்கு 400 மில்லிலீற்றர். அது படகு எஞ்சினுக்குரிய டி.சி.டபிள்யூ.3 தரமாக இருக்க வேண்டும். முச்சக்கர வண்டிக்கு ஊற்றும் ஒயில் காற்றால் குளிரும் எஞ்சினுக்கானது. தண்ணீரால் குளிரும் எஞ்சினில் அதன் சாம்பல் படிந்துவிடும்.

மண்ணெண்ணெய் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெற்றோல் எஞ்சினில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டும் பழக்கம் நம் கரையோரத்தில் நெடுங்காலமாக உண்டு. 2022 ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறிய பிறகு அதன் இலாபமும் பெரிதும் குறைந்தது. மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகவும் குறைவு, அதற்கென்று செய்யப்படும் எஞ்சின்களின் அமுக்கமும் அதனாலேயே குறைவாக வைக்கப்படுகிறது. வலுவைத் திறந்துவிட்ட எஞ்சினுக்கு அதை ஒரு சொட்டும் ஊற்றாதிருக்கும்படி மைத்துனரிடம் உறுதி வாங்கினேன்.

பலன் என்னவென்றால், 9¾ அங்குலப் பிட்ச் (வழுக்கல் இல்லையென்றால் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) கொண்ட அதே புரொப்பெல்லரோடு சுழற்சி 5,200ஐத் தொட்டது. 9.9லிருந்து 15க்குப் போனால் மும்மடிக் கணக்கின்படி ஏறத்தாழ 5,280 வர வேண்டும்; படகு எழும்பியதும் நீரின் பிடி மாறுவதையும் சேர்த்துப் பார்த்தால் இது திருப்தியான விடை. இருவரும் ஐஸ் பெட்டியும் இருக்கும்போதே படகு எழும்பியது, முன்பு 7 நொட் (மணிக்கு 7 கடல் மைல்) ஓடியது இப்போது 14 நொட்டை நெருங்குகிறது. வலு ஒன்றரை மடங்காகும்போது வேகம் இரட்டிப்பாவது விசித்திரமாகத் தோன்றலாம். நீரைத் தள்ளிச் செல்லும் 14 அடிப் படகு 5 நொட்டுக்கு மேல் தன் அலையையே ஏறிக் கடக்க வேண்டியிருக்கிறது. அந்த மேட்டைத் தாண்டுவதற்கு வேண்டிய வலு சற்றே போதாதிருந்தது, இப்போது போதுகிறது. ஆதாயம் முழுவதும் அதிலிருந்து வந்தது. ஏற்கனவே எழும்பி ஓடும் படகில் இதே மாற்றத்தைச் செய்தால் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடலாம், அவ்வளவே. மூன்றாவது ஆள் ஏறினால் சுழற்சி 4,900க்கு இறங்குகிறது. அது எல்லைக்குள் இருப்பதால் பிட்ச் குறைந்த புரொப்பெல்லர் வாங்கவில்லை. எப்போதும் மூவர் போகும் படகானால் 8 அங்குலப் பிட்ச் பொருத்தமாக இருக்கும்.

எஞ்சினின் எடை கூடவில்லை என்றாலும் அது தள்ளும் விசை கூடியிருக்கிறது. ஆகவே படகின் பின்பலகையைத் தட்டிப் பார்த்து, உள்மரம் ஊறியிருந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதிய பலகை வைத்து பைபர் போட்டோம். படகு கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தில் பதியப்பட்டது என்பதால், எஞ்சினின் வலு மாறிய விபரத்தையும் அங்கே எழுத்தில் கொடுத்தோம். மேல்மூடியில் 9.9 என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கரையும் உரித்துவிட்டோம். நாளைக்கு இந்த எஞ்சினை வேறொருவர் வாங்கி, 9.9க்குரிய ஜெட்டை எண்ணைப் பார்த்துப் பூட்டினால், அவருடைய பிஸ்டன் போய்விடும்.