வண்டி விலகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

பாரிமுனையின் பழைய புகைப்படம் ஒன்று கையில் கிடைத்தால், அதன் பின்புறத்தில் எவரும் ஆண்டைக் குறித்து வைத்திராவிட்டாலும், அது ஏறத்தாழ எந்தக் காலத்தது என்று கணித்துவிட முடியும். அங்குள்ள டேர் ஹவுஸ் கட்டடம் 1940இல் எழுந்தது. சென்னையின் டிராம் வண்டிகள் 1895இல் ஓடத் தொடங்கி 1953இல் நின்றுபோயின. ஆகவே ஒரே படத்தில் டேர் ஹவுஸும் டிராமும் தெரிந்தால், அந்தப் பதின்மூன்று ஆண்டுகளுக்குள் எடுக்கப்பட்ட படம் அது என்பதில் ஐயமில்லை. கட்டடம் மட்டும் தெரியும் படமோ 1940க்குப் பிந்தையது என்பதைச் சொல்லிவிட்டு அதற்கு மேல் எதையும் சொல்லாது. மனிதர் இழுக்கும் கைரிக்‌ஷா ஆளேற்றிச் சென்றால் அது 1973இல் அந்தத் தொழில் ஒழிக்கப்பட்டதற்கு முன் எடுத்த படமாகும். பேருந்தின் பக்கவாட்டில், சென்னைப் போக்குவரத்துக் கழகத்தின் அன்றைய பெயரான ‘பல்லவன்’ என்று எழுதியிருந்தால் 1972க்கு முன்னதாக இருக்க இயலாது. மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பிறகுதான் ‘டிஎன்’ என்று தொடங்கி மாவட்ட எண்ணோடு வரும் இன்றைய பதிவெண் முறை வந்தது. 1940 என்னும் அந்த ஒரு வரம்பைத் தவிர, இவற்றுள் ஒன்றுகூடக் கட்டடத்தைப் பார்த்து அறிவதன்று. மற்றவை எல்லாம் தெருவில் நின்ற வண்டியைப் பார்த்து அறிபவை.

வண்ணாரப்பேட்டையில் வசிக்கும் நான், விடுமுறை நாட்களில் வடசென்னையின் பழைய கட்டடங்களைப் படமெடுக்கிறேன். இது எனக்குத் தொழில் அன்று. கட்டடங்களைப் படமெடுக்கும் நண்பர்கள் பலருக்கும் ஒரு பழக்கம் உண்டு. வாசலை மறைத்து நிற்கும் ஆட்டோவோ ‘குட்டியானை’ என்னும் சிறு சரக்கு வண்டியோ விலகும் வரை பொறுமையாகக் காத்திருப்பார்கள். விலகாவிட்டால் வீட்டுக்குப் போய் மென்பொருளைக் கொண்டு அதைத் துடைத்துவிடுவார்கள். அவர்களுடைய படங்களில் தூண்களும் வளைவுகளும் மாசுமறுவின்றி நிற்கும். பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்தப் படத்தை எடுத்துப் பார்ப்பவருக்கு, அது 2010இல் எடுத்ததா 2025இல் எடுத்ததா என்று சொல்ல அதில் எதுவும் இருக்காது.

இந்த ஆளற்ற தெருக்களின் மரபு மிகப் பழையது. மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1856இல் நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப், மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களின் கோயில்களையும் கோட்டைகளையும் மெழுகிட்ட காகித எதிர்மறைகளில் (நெகட்டிவ்) பதிவு செய்தார். அந்தக் காகிதத்தில் உருவம் பதிய நெடுநேரம் ஒளி படவேண்டியிருந்ததால், அசையாதவை மட்டுமே படத்தில் தங்கின. நடந்தவரும் ஓடிய வண்டியும் மறைந்துபோயினர். டிரைப்பின் படங்களில் காணும் அமைதிக்குக் கருவியின் இயலாமையும் ஒரு காரணம். ஒரு நொடியை ஆயிரமாகப் பிளக்கும் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு அதே வெறுமையை நாம் ஏன் மெனக்கெட்டு உண்டாக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

டிரைப் பதவியேற்ற அதே 1856ஆம் ஆண்டின் ஜூன் மாதத்தில்தான் ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. 1873இல் சென்ட்ரல் நிலையம் வரும் வரை சென்னைக்கு வாயிலாக இருந்ததும் இதுவே. இந்தியாவில் இன்று எஞ்சி நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களுள் மிகப் பழையதாகிய இதன் முகப்புத் தூண்களை எடுக்காத ஒளிப்பட ஆர்வலர் சென்னையில் அரிது. அந்தத் தூண்களை நானும் எடுத்திருக்கிறேன். ஆயினும் எனக்குப் பிடித்த படம், பெரும்பாதியைச் சாலையும் ஷேர் ஆட்டோவும் அடைத்துக்கொள்ள, தூண்வரிசை அவற்றுக்குப் பின்னால் துண்டுதுண்டாகத் தெரிவது. அந்நிலையம் இன்றும் நிலையமாகவே பயன்படுகிறது என்பது, முகப்பைத் தனியே வெட்டியெடுத்த படத்தைக் காட்டிலும் இதில் தெளிவாகத் தெரிகிறது.

பழைய கட்டடமும் உழைக்கும் வண்டியும் மிக நெருங்கி வாழும் இடம் ஜார்ஜ் டவுன்தான். கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் காகிதமும் திருமண அழைப்பிதழும், தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி என்று தெருவுக்கொரு வணிகம் நடக்கும் இப்பகுதியில், கீழ்த்தளத்தின் முகத்தைக் கடைப் பெயர்ப்பலகைகள் முழுவதுமாக மூடியிருக்கும். நிமிர்ந்து பார்த்தால்தான் வீடு தெரியும்: வார்ப்பிரும்புக் கிராதி, மரச் சட்டங்கள் அடுக்கிய சன்னல், சுண்ணாம்புப் பூச்சில் வார்த்த கொடியும் கிளியும், சில வீடுகளில் கைப்பிடிச் சுவரின் நடுவே கட்டிய ஆண்டு. மேல்தளத்தில் யாரேனும் அனுமதித்து உள்ளே ஏறிப் பார்க்க முடிந்தால், தேக்குக் குறுக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புக் காரையால் இணைத்த மெட்ராஸ் டெரஸ் கூரையைக் காணலாம். இத்தகைய கூரையை இன்று புதிதாகப் போடத் தெரிந்த கொத்தனார்கள் மிகச் சிலரே. வீடு இடிபடும்போது சட்டங்கள் பழைய மரக்கடைக்குப் போகும்; செங்கல்லும் காரையும் குப்பை லாரியில் ஏறும். அந்த லாரியையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து, ஏனெனில் அந்த வீட்டின் வரலாற்றில் அதுவும் ஒரு பக்கம்.

இந்தத் தெருக்களின் அகலத்துக்கு இன்றும் ஏற்றவை கைவண்டியும் தட்டு ரிக்‌ஷாவும்தான். துணிப் பேல்களை ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கட்டிய கைவண்டியை ஒருவர் முன்னால் இழுக்க, இருவர் பின்னாலிருந்து தள்ள, அவர்களுக்கு வழிவிட ஸ்கூட்டர்கள் திண்ணை ஓரமாக ஒதுங்கும் காட்சியில், அந்தக் காலத்து நகரமைப்பைப் பற்றி நூலில் படிப்பதைவிட அதிகம் கற்றுக்கொள்ளலாம். திண்ணைகளும் பாதிக்குமேல் மறைந்து, கடைகளின் படிக்கட்டாகவோ சரக்கு இறக்கும் மேடையாகவோ மாறிவிட்டன. வாசலில் எந்த உயரத்தில் வண்டித்தட்டு நிற்கிறதோ ஏறக்குறைய அதே உயரத்தில் பல திண்ணைகள் இருப்பதைப் படத்தில்தான் நான் கவனித்தேன்.

ஒளியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தங்கசாலை, கோவிந்தப்ப நாயக்கன் தெரு, தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு ஆகியவை ஏறத்தாழத் தெற்கு வடக்காகச் செல்பவை. காலையில் மேற்குப்புற வீடுகளின் மேல்தளத்தில் முதலில் வெயில் விழும். எதிர்வீட்டு நிழல் கீழே இறங்கித் தெருவை எட்டுவதற்குள் கடைகள் திறந்துவிடும். ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சென்னையில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்பதால், சுவரின் ஒவ்வொரு பிதுக்கமும் நெடிய நிழலைக் கீழே தொங்கவிடும். நண்பகலில் படமெடுக்கக் கூடாது என்னும் பொது விதி இந்த நாட்களில் பொருந்தாது. மார்கழியிலோ சூரியன் தெற்கே சாய்ந்து தெருவின் நீளவாக்கில் ஒளியை அனுப்பும். பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்பு மேற்குப்புறச் சுவர்களையும் சற்றுப் பின்பு கிழக்குப்புறச் சுவர்களையும் ஒளி உரசிக்கொண்டு போகையில், பல முறை வெள்ளையடித்து மொழுக்கையாகிவிட்ட சுதை வேலைப்பாடுகூடத் துலங்கும்.

பின்னால் நகர இடமில்லாத தெருவில் கட்டடம் முழுவதையும் அடக்க வேண்டுமென்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் உள்நோக்கிச் சாய்ந்துவிடும். கேமராவை மட்டமாகப் பிடித்தால் சுவர் நேராக நிற்கும், ஆனால் படத்தின் கீழ்ப்பாதியைத் தெரு நிரப்பிக்கொள்ளும். அந்தக் கீழ்ப்பாதியை வெட்டியெறியுமாறுதான் பலரும் அறிவுரை சொல்வார்கள். வண்டிக்கு உரிய இடமே அதுதான் என்று நான் நினைக்கிறேன். நிழலான சந்துகளில் ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 800, லென்ஸின் துளை எஃப் 8, ஒளி படும் நேரம் நொடியில் 250இல் ஒரு பங்கு என்ற கணக்கு எனக்குப் போதுமானதாக இருக்கிறது. நடக்கும் வேகத்தில் செல்லும் கைவண்டி அதில் அசையாமல் நிற்கும், அதன் கட்டுக்கயிறும் தெளிவாகத் தெரியும். சக்கரம் சுழல்வதுபோல் மங்கலாக்கிக் காட்டுவது ஒரு கலை. எனக்கு அந்தக் கயிறு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது முக்கியம். மின்கம்பிகளைப் பற்றியும் கேபிள் சுருள்களைப் பற்றியும் குறை சொல்வோர் உண்டு. அவையும் காலத்தின் அடையாளந்தானே, இருக்கட்டும்.

வடக்கே போகப் போகக் கட்டடங்கள் குறைந்து வண்டிகள் மிகும். மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுக்கு விடியற்காலையில் கேமராவுடன் வருவோரில் பெரும்பாலோர் சுருக்கம் விழுந்த முகங்களையும் ரத்தம் வழியும் மீன்களையும் தேடியே வருகிறார்கள் என்பது எனக்கு நெடுநாளைய மனக்குறை. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை இருக்கும் காலத்தில் அந்தக் கூட்டம் வராது. படகுகளைப் பற்றி அறிய விரும்புவோருக்கு அதுவே ஏற்ற காலம் என்பேன். கரையேற்றிய படகின் அடிப்பாகம், கழற்றி வைத்த உந்துவிசிறி, பலகைகளுக்கிடையே பஞ்சு அடைக்கும் தச்சர், வலை பின்னுவோர் என எல்லாம் பகல் வெளிச்சத்தில் நிதானமாகக் கிடைக்கும்.

மீன்பாடி வண்டி இங்கேயே உருவாகி வளர்ந்த வாகனம். முன்னால் இரு சக்கரங்களின் மேல் பலகைத் தட்டு, பின்னால் ஒரு சக்கரம், பழைய ஸ்கூட்டரிலிருந்தோ மோட்டார் சைக்கிளிலிருந்தோ கழற்றிய எஞ்சின், சரக்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்தபடி ஓட்டுநர். எந்தத் தொழிற்சாலையும் இதைச் செய்யவில்லை, பட்டறைதான் செய்தது. ஆகவே பதிவெண்ணும் இல்லை, சட்டத்தின் ஏற்பும் இல்லை. பழுதானால் ஓட்டுபவரே பிரித்துப் பூட்டுவார். சரக்கு ஆட்டோக்கள் பெருகிய பின் இது குறைந்துகொண்டே வருகிறது. ஒன்றைப்போல் இன்னொன்று இராத காரணத்தால், கண்ணில் படும் ஒவ்வொன்றையும் பக்கவாட்டிலிருந்து, எஞ்சின் தெரியும்படி எடுத்து வைக்கிறேன்.

லாரிகளின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1948இல் தொடங்கி எண்ணூரில் ஆலை நிறுவிய நிறுவனம், பின்னர் அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்று, நாட்டின் சாலைகளுக்கெல்லாம் லாரி அனுப்பியது. ஆனால் நெடுங்காலம் வரை ஆலையிலிருந்து சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டம் மட்டுமே வெளிவரும். கேபினையும் பாடியையும் நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களின் பட்டறைகள் கட்டும். மரக் கதவு, நெற்றியில் சாமி பெயர், பின்பலகையில் தாமரையோ மயிலோ என்று ஒவ்வொரு லாரியும் கட்டியவரின் கைவண்ணத்தைக் காட்டியது. இன்று சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி வரிசையில் நிற்கும் டிரெய்லர்களில் பெரும்பாலானவை ஆலையிலேயே வார்த்த கேபினுடன் ஒரே முகமாக இருக்கின்றன. இடையிடையே பட்டறைக் கேபின் ஒன்று வந்தால் அதை விட்டுவிடக் கூடாது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எடுத்தால் பின்னணியில் மெட்ரோ தூண்களும் விழும். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான பாதை 2021 பிப்ரவரியில் திறந்தது என்பதால், அந்தத் தூண்களுக்கு மேல் ரயில் ஓடினால் காலம் இன்னும் துல்லியமாகிவிடும்.

துறைமுகத்துக்குள்ளும் ரயில்வே எல்லைக்குள்ளும் அனுமதியின்றி எடுக்கக் கூடாது. சாலையிலிருந்து எடுப்பதற்கே சிலர் கேள்வி கேட்பார்கள். நின்று பதில் சொன்னால் போதும்.

இதில் எனக்கு இன்னும் முழுமையாகத் தெளிவு பிறக்காத இடம் ஒன்றுண்டு. காலத்தைக் காட்டும் என்று நான் போற்றும் பதிவெண் ஒரு மனிதரின் பிழைப்போடு கட்டப்பட்டது. பதிவெண்ணே இல்லாத மீன்பாடி வண்டி அதைவிடவும் ஆபத்தானது. காசிமேட்டில் ஒருவரிடம் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது, “வண்டிய எடு சார், என்ன எடுக்காத, நாளைக்கு எவனாவது காட்டிப் பிடிச்சிருவான்” என்றார். அது நியாயமான பேச்சு. ஆகவே மூலக் கோப்பில் எதையும் தொடாமல், தெருவின் பெயர், எந்தத் திசை நோக்கி எடுத்தது, தேதி ஆகியவற்றை உடன் எழுதி வைத்துவிட்டு, பிறருக்குக் காட்டும் பிரதியில் மட்டும் எண்ணை மறைத்துவிடுகிறேன். துடைப்பதில்லை, மறைத்திருப்பது பார்ப்பவருக்குத் தெரியும்படி கறுப்புப் பட்டை வைக்கிறேன். மீன்பாடி வண்டிகளை ஓட்டுபவரின் முகம் விழாதவாறு, அவர் டீ குடிக்கப் போயிருக்கும் நேரத்தில், அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுக்கிறேன்.