இழுப்பறைக்குள் ஒரு கடிகாரம்

சிறப்பாசிரியர் வேலையில் பாதி நேரம் பிள்ளைகளோடு போகும், மீதி நேரம் அறிக்கை எழுதுவதில் போகும். எழுதி எழுதிச் சில சொற்கள் கைப்பழக்கமாகிவிடும். ‘ஒத்துழைப்பதில்லை’, ‘கவனக் குறைவு’, ‘குடும்பத்துக்குப் பெரும் சுமை’. யோசிக்காமலே பேனா அங்கே போய் நிற்கும்.

அந்தப் பையனுக்கு அப்போது ஒன்பது வயது. ஆட்டிசம். பேச்சு வரவில்லை, தண்ணீர் வேண்டுமென்றால் பட அட்டையை எடுத்து நீட்டுவான். என் எதிரில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக என் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைக் கழற்றப் பார்ப்பான். நான் கையை இழுத்துக்கொள்வேன். அவன் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்துவிடுவான். ‘பிறர் பொருளைப் பிடுங்கும் பழக்கம்’ என்று எழுதிவைத்தேன். மூன்று மாதம் இப்படியே ஓடியது.

ஒருநாள் சலித்துப்போய், சரி, எடுத்துக்கொள் என்று கையை நீட்டிவிட்டேன். வாரை நிதானமாக அவிழ்த்தான். கடிகாரத்தைக் காதருகே கொண்டுபோனவன் முகத்தைச் சுளித்து, அதை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினான். அப்புறம் தானே அட்டைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினான். என் காதில் விழவே விழாத டிக் டிக், அவன் தலைக்குள் இவ்வளவு நாளும் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு ஒலியும் ஒளியும் தொடுதலும் இப்படித்தான் தாக்கும் என்று படித்துத் தேர்வெழுதிப் பாஸ் செய்தவள்தான் நான்.

அதற்குள் ஆண்டறிக்கை வீட்டுக்குப் போய்விட்டது. அதை எடுத்துக்கொண்டு அவன் அம்மா வந்தார். ‘சுமை’ என்ற சொல்லின்மேல் விரலை வைத்து, “நான் எப்பவாவது இப்படிச் சொன்னேனா டீச்சர்?” என்றார். சொன்னதில்லை. “எனக்கப்புறம் இவனை யார் பார்த்துக்குவாங்க” என்று பலமுறை கேட்டிருக்கிறார். அந்தக் கவலையைத்தான் நான் சுமை என்று பெயர்த்து எழுதியிருக்கிறேன்.

வியன்னாவின் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கரைப் பற்றிப் படித்தது அதன்பிறகுதான். ஆட்டிசம் பற்றிய அவருடைய பெயர்பெற்ற கட்டுரை 1944-இல் வந்தது. இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு அபூர்வத் திறமை உண்டு, சமூகத்துக்குப் பயன்படுவார்கள் என்று அதில் பரிந்து பேசியிருப்பார். அதே மருத்துவர் 1941-இல், மூளைக்காய்ச்சலில் பாதிக்கப்பட்ட, மூன்று வயது நிரம்பாத ஒரு சிறுமியை, மாற்றுத்திறன் குழந்தைகளை நாஜிகள் கொன்ற வியன்னாவின் ஸ்பீகல்கிரண்ட் காப்பகத்துக்கு அனுப்பச் சொல்லிக் குறிப்பு எழுதினார். வீட்டில் இவள் தாய்க்குத் தாங்க முடியாத சுமை என்பது அதில் அவர் சொன்ன காரணம். இரண்டு மாதத்தில் சிறுமி இறந்துபோனாள். நாஜிகள் காலத்தில் அந்தக் காப்பகத்தில் செத்த குழந்தைகள் ஏறக்குறைய 800 பேர். இந்தக் காகிதங்கள் பற்றிய விரிவான ஆய்வு 2018-இல் வெளியானது. படித்த அன்று என் பழைய கோப்புகளை வெளியே எடுத்தேன். எத்தனை அறிக்கையில் அந்தச் சொல் இருந்தது என்று எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

“ஆட்டிசம் பிள்ளைங்க கணக்குல புலியாமே?” என்று ஆசையாக விசாரிப்பவர்கள் உண்டு. நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். ஆனால் எனக்கு இப்போதெல்லாம் அந்தக் கேள்வி உறுத்துகிறது. என் பையன் கணக்கில் புலி இல்லை, படமும் வரைவதில்லை. அப்போது அவனை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

அறிக்கையைத் திரும்ப வாங்கி அந்த வரியை அடித்தேன். ‘கடிகாரச் சத்தம் வலிக்கிறது, ஆசிரியர் கழற்றி வைக்கவும்’ என்று எழுதினேன். முன்னேற்றம் என்ற கட்டம் காலியாக இருக்கிறதே என்று மேலதிகாரி கேட்டார். ஆசிரியருக்குக் கொஞ்சம் முன்னேற்றம் என்று எழுதலாமா என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இப்போது அவன் வருவதற்கு முன்பே கடிகாரத்தைக் கழற்றி உள்ளே வைத்துவிடுகிறேன். அவன் நம்புவதில்லை. இழுப்பறையைத் திறந்து பார்த்து, மூடிவிட்டுத்தான் வந்து உட்காருவான்.