குளத்துப் பறவைகளை எண்ணக் கற்றுக்கொண்டேன்

திருநெல்வேலிப் பக்கம் ஏரி என்று யாரும் சொல்வதில்லை. அக்கரை கண்ணுக்கே தெரியாத அளவு விரிந்து கிடந்தாலும் அது குளம்தான். அப்படி ஒரு குளத்துக் கரையில் சைக்கிள் ஓட்டி வளர்ந்தவன் நான். ஆனாலும் அதில் என்னென்ன பறவை வருகிறது என்று கேட்டால், "கொக்கு, நாரை, வாத்து" என்பதற்கு மேல் முப்பத்தெட்டு வயது வரை எனக்குச் சொல்லத் தெரியாது.

ஒரு டிசம்பர் மாதம் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அறிவிப்புதான் தொடக்கம். தாமிரபரணி நீர்வாழ் பறவைகள் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்கள் தேவை என்றிருந்தது. மணிமுத்தாறில் இருக்கும், ஏட்ரீ (ATREE) என்ற சூழலியல் ஆய்வு அமைப்பின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம், இங்குள்ள இயற்கை ஆர்வலர் குழுக்களோடு சேர்ந்து 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் இதை நடத்துகிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்து குளங்கள் பெருகியிருக்கும். வடக்கிலிருந்து வலசை வந்த பறவைகளும் இறங்கியிருக்கும். ஆசிய அளவில் 1987இல் தொடங்கிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் இதே ஜனவரியில்தான் நடக்கிறது.

பெயரைக் கொடுத்துவிட்டேனே ஒழிய, ராத்திரி தூக்கம் வரவில்லை. எனக்குப் பறவையே தெரியாதே! தயங்கித் தயங்கித்தான் ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன். "தெரிஞ்ச ஆளோடதான் சேர்த்து விடுவோம். நீங்க எண்ணுங்க, எழுதுங்க, போதும்" என்றார். கணக்கு எழுதுவது என் பிழைப்பு. அந்த ஒரு வார்த்தையில் தைரியம் வந்தது.

எங்கள் அணிக்கு மானூர்ப் பக்கத்துக் குளங்கள். காலை ஆறரைக்கெல்லாம் கரையில் ஏறிவிட்டோம். பிசான நெல் வயல்கள் ஒரு பக்கம், பனி மூடிய தண்ணீர் மறுபக்கம். அணித்தலைவர் அண்ணாச்சி முதலில் சொன்னது, சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து நில்லுங்கள் என்பதுதான். எதிர்வெயிலில் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பாகத் தெரியும்.

அடுத்து எண்ணும் முறை. நடுக்குளத்தில் நீலச்சிறகி வாத்துகள் பாய் விரித்தாற்போலக் கிடந்தன. நான் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து முப்பதைத் தாண்டியதும் குழம்பிப் போனேன். அண்ணாச்சி பொறுமையாகச் சொல்லித் தந்தார். "முதல்ல அம்பதை ஒழுங்கா எண்ணுங்க. அந்த அம்பது எவ்வளவு இடத்தை அடைக்குதுன்னு கண்ணுல வச்சுக்கோங்க. அதையே அளவுபடி மாதிரி கூட்டத்து மேல வச்சு வச்சு நகர்த்துங்க." இரண்டு பேர் தனித்தனியாக எண்ணினோம். எனக்கு 450, அவருக்கு 600. மறுபடி எண்ணினோம். நான் விட்டது நாணலை ஒட்டிக் கிடந்த கூட்டத்தை. அங்கே படி நெருக்கமாக விழ வேண்டும். நான் அகல அகலமாக வைத்திருக்கிறேன். எண்ணி முடிக்கவும் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வந்து மொத்தக் கூட்டத்தையும் கிளப்பிவிட்டது. ஐந்து நிமிடம் முன்னால் என்றால் காலை முழுக்க வீண்.

இந்த எண்ணிக்கைக்கு என்ன இவ்வளவு பாடு என்று கேட்கலாம். ராம்சார் ஒப்பந்தம் என்பது ஈரநிலங்களைக் காக்க நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம். அதன் அளவுகோல்களில் ஒன்று, வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகளைத் தாங்கும் நீர்நிலை உலக முக்கியத்துவம் உடையது என்பது. இன்னொன்று, ஓர் இனத் தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கு அங்கே இருந்தாலும் போதும் என்பது. வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி வந்து இறங்குகிற நம் கூந்தன்குளம் ராம்சார் பட்டியலில் இருக்கிறது. 'நிறையப் பறவை வரும்' என்ற பேச்சு அந்த அளவுகோல்களுக்கு முன்னால் நிற்காது.

மிகுதித் தண்ணீர் வழிகிற மறுகால் பக்கம் போனபோது ஒரு சங்கடம். தூரத்தில் முப்பத்தைந்து வாத்துகள். வெயில் ஏறி, தண்ணீர் மேல் காற்று நெளிந்தது. ஸ்கோப் என்கிற தொலைநோக்கியில் பார்த்தும் பிடிபடவில்லை. மற்றதெல்லாம் நீலச்சிறகிதானே, இதையும் அதிலேயே சேர்த்துவிடலாமே என்றேன். அண்ணாச்சி முகம் மாறிவிட்டது. "பார்க்காததை எழுதக்கூடாது தம்பி. வாத்து, இனம் தெரியலன்னு எழுதுங்க. அதுக்கும் இடம் இருக்கு." எழுதினேன்.

அன்று ஏறிய ஆசை இறங்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்துக் குளத்தை மாதாமாதம் நானே எண்ணத் தொடங்கி, ஈபேர்டில் பதிவேற்றினேன். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய தளம் அது. பதிவு முடியும்போது, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதிவிட்டீர்களா என்று ஒரு கேள்வி கேட்கும். காக்கை, மைனாவை விட்டுவிட்டு 'ஆம்' என்று சொல்லிவிடாதீர்கள். பட்டியலில் இல்லாத பறவை அன்று கண்ணில் படவில்லை என்றுதான் ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

பிப்ரவரியில் சேற்றோரம் ஓடியோடி நிற்கிற சின்னப் பறவை ஒன்றைப் பார்த்தேன். கழுத்தில் கறுப்பு வளையம். ஈபேர்டு செயலி காட்டிய பெயர்களில் வளையம் என்ற சொல் இருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பக்கத்தில் சிவப்பாக அபூர்வம் என்ற குறி வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். சில நாளில் மின்னஞ்சல் வந்தது. நம் வட்டாரப் பதிவுகளைச் சரிபார்க்கிற தன்னார்வலர் ஒருவர், மிகப் பணிவாக, கால் என்ன நிறம், கண்ணைச் சுற்றி எதுவும் தெரிந்ததா, படம் இருக்கிறதா என்று கேட்டிருந்தார்.

பைனாகுலர் மேல் போனை வைத்து எடுத்த மங்கலான படம் ஒன்று இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம், மோதிரம் போட்டாற்போல. அது நம் குளங்களில் சாதாரணமாகக் காணக்கூடிய பட்டாணி உப்புக்கொத்தி. நான் எழுதியது நம் பக்கம் அரிதாக வருகிற வேறு இனம். அதற்கு இந்த மஞ்சள் வளையம் பளிச்சென்று இருக்காது, காலும் ஆரஞ்சு நிறம். படத்தை அனுப்பி, பெயரை மாற்றினேன். "நன்றி, அந்த மஞ்சள் வளையத்தைப் பிடித்துக்கொண்டால் இனித் தவறாது" என்று பதில் வந்தது. முகம் தெரியாத ஒருவர், சம்பளம் எதுவும் இல்லாமல், என் குளத்தின் ஒற்றைப் பறவைக்காக இவ்வளவு மெனக்கெடுகிறார். அன்றுதான் இந்த வேலை மேல் எனக்கு முழு மதிப்பு வந்தது.

இப்படி 30,000க்கும் மேற்பட்டவர்கள் எழுதிய சுமார் 3 கோடிப் பதிவுகளை வைத்துத்தான் 2023இல் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை வந்தது. 942 இனங்களை அலசியிருக்கிறார்கள். மயில் பெருகியிருக்கிறது. பனங்காடை நன்றாகவே குறைந்திருக்கிறது. படித்தபோது மனசு கனத்தது. நாங்கள் பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் கரண்ட் கம்பியில் உட்கார்ந்து, பறக்கும்போது மட்டும் நீலத்தைக் காட்டுகிற பறவை அது.

சேர நினைப்பவர்கள் டிசம்பரிலேயே அறிவிப்பைப் பார்த்துப் பதிந்துகொள்ளுங்கள். பளபளக்கும் சட்டை வேண்டாம். தண்ணீர், தொப்பி, ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். பைனாகுலர் இல்லையென்று தயங்க வேண்டாம், அணியில் யாராவது வைத்திருப்பார்கள். கரையில் ஆடு மேய்க்கிற தாத்தாவிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். மடைப் பக்கம் நிற்கிற கூட்டம் யாரோ வளர்க்கிற பட்டி வாத்துகள் என்று எங்களுக்குச் சொன்னது அப்படி ஒருவர்தான். இல்லாவிட்டால் அதையும் எண்ணியிருப்போம்.

போன ஞாயிறு காலை என் நோட்டில்: நாமக்கோழி 64, முக்குளிப்பான் 11, உண்ணிக்கொக்கு 23, ஆள்காட்டி 4, பட்டாணி உப்புக்கொத்தி 2, காக்கை 17, இனம் தெரியாத உள்ளான் 6. மறுகால் தாண்டி, கம்பியில், பனங்காடை 1.